வில்லாபுரம் வீடு விற்பனை: புரோக்கர் இருக்கும்போது தனியாக வக்கீல் வேண்டுமா?

வில்லாபுரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1986-இல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டிய வீடு வில்லாபுரத்தில் இருக்கிறது. மூன்று சென்ட் இடம், கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு சின்ன போர்ஷன். அப்பா 2017-இல் தவறிவிட்டார். அம்மா என்னோடு திருநகரில் இருக்கிறார். அண்ணன் துபாயில், அக்கா கோயம்புத்தூரில். வீடு பூட்டியே கிடக்கிறது, மழை பெய்தால் மாடிச் சுவர் ஊறுகிறது. விற்றுப் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான்கு பேரும் பேசி முடிவுக்கு வந்துவிட்டோம்.

தெரிந்தவர் மூலமாக வந்த புரோக்கர் ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தார். 62 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. ஐந்து லட்சம் அட்வான்ஸ், அக்ரிமென்ட் பதினொரு மாதம். புரோக்கர் இரண்டு சதவீதம் கமிஷன் கேட்கிறார். "வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போடுவது, பத்திரம் எழுதுவது, பத்திர ஆபீஸ் வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வக்கீலிடம் போனால் இல்லாத குழப்பத்தைக் கிளப்பிவிடுவார்" என்கிறார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே அக்ரிமென்ட் போட வேண்டும் என்று நிற்கிறார்.

வீடு விற்று எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லை. இதில் யாருக்கு என்ன வேலை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெப்பக்குளம் 73:

தம்பி, நான் 2009-இல் ஒரு வீடு விற்றேன். புரோக்கர் பார்ட்டியைப் பிடித்தார், பத்திர எழுத்தர் எழுதினார், கையெழுத்துப் போட்டேன், பணம் வந்தது. வக்கீல் வாசலையே மிதிக்கவில்லை, இன்றுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. விற்கிறவனுக்கு எதற்கு வக்கீல்? பயப்பட வேண்டியவன் வாங்குகிறவன். அவன் வைத்துக்கொள்ளட்டும்.

மேலூர் எழுத்தர்:

நான் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர், முப்பது வருடமாக இதே வேலை. என் தொழிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பத்திரத்தின் கடைசியில் எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அதற்கு அர்த்தம் இதை இன்னார் எழுதினார் என்பதுதான், இன்னார் சரிபார்த்தார் என்பது அல்ல. நீங்கள் கொடுக்கும் பழைய பத்திரத்தையும் நீங்கள் சொல்லும் விவரத்தையும் வைத்து, பதிவுக்கு ஏற்றபடி நாங்கள் எழுதுகிறோம். சொத்து வந்த வழி, நான்குமால் (நான்கு பக்க எல்லை), சர்வே எண், அளவு, வாரிசு விவரம் எல்லாம் உங்கள் வாயிலிருந்தும் உங்கள் காகிதத்திலிருந்தும் வருவது. சந்தேகம் தோன்றினால் அனுபவத்தில் கேட்போம், கேட்காமல் விடுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து பத்திரம் ஓடும் முகூர்த்த நாளில், முப்பது வருடத்துக்கு முந்தைய மூலப்பத்திரத்தை வரி வரியாகப் படிக்க எந்த எழுத்தருக்கும் நேரம் கிடைக்காது. சார்பதிவாளரும் ஆவணத்தைப் பதிவு செய்கிறார். உங்கள் குடும்பத்தில் பங்கு சரியாக இருக்கிறது என்று உத்தரவாதம் தருவது அவர் வேலை இல்லை.

வைகைக்கரை:

தெப்பக்குளம் அண்ணன் சொன்னதை நான் ஏற்கவில்லை. 2009-இல் அவருக்குச் சிக்கல் வராமல் போனது நல்ல விஷயம். எனக்கு வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஜென்ட் என்ற ஒரே சொல்லை நம் ஊரில் இரண்டு ஆட்களுக்குச் சொல்கிறோம். ஒருவர் புரோக்கர்: வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைத்துத் தரகு வாங்குபவர். இன்னொருவர் பவர் ஏஜென்ட்: உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆள். புரோக்கர் பேசுவது உங்களைக் கட்டாது. பவர் ஏஜென்ட் போடும் கையெழுத்து உங்களைக் கட்டும். வக்கீல் இந்த இருவரில் யாரும் இல்லை. அவர் உங்கள் காகிதத்தைப் படித்து, எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக்கூடாது என்று உங்கள் பக்கம் நின்று சொல்பவர்.

புரோக்கர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பார்ட்டி பிடிப்பது சாதாரண வேலை இல்லை. எந்தத் தெருவில் என்ன விலை போனது, யாரிடம் ரொக்கம் இருக்கிறது, யார் லோனை நம்பி வருகிறார், யார் சும்மா பார்த்துவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கூலி கிரயம் நடந்தால்தான். நடக்காவிட்டால் மூன்று மாதம் அலைந்ததும் வீண். அதனால் இந்த வாரம் வேண்டாம், இன்னும் ஒரு காகிதம் பார்க்கணும் என்று அவர் வாயால் சொல்வது அவருக்கே நஷ்டம். அந்த வார்த்தையைச் சொல்ல வேறு ஒரு ஆள் உங்களுக்கு வேண்டும். வக்கீல் கிரயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் பார்த்த வேலைக்கு ஃபீஸ் வாங்குகிறார். அதனால்தான் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

இனி என் கதை. 2016-இல் பழங்காநத்தத்தில் எங்கள் பழைய வீட்டை விற்க அக்ரிமென்ட் போட்டேன். இரண்டு லட்சம் அட்வான்ஸ், பதினொரு மாதம். புரோக்கர் கொண்டுவந்த அக்ரிமென்டில் நடுப்பக்கத்தில் ஒரு வரி: "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவராவேன்." படித்தேன், வழக்கமான வரி போல இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பதிவும் செய்தோம்.

பார்ட்டிக்கு வீடு வாங்கும் எண்ணமே இல்லை. என் அக்ரிமென்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து லட்சம் கூட்டி வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். பதினொரு மாதமும் ஆள் கிடைக்கவில்லை. கெடு முடிந்தது, நான் விடுபட்டேன் என்று நினைத்தேன். அடுத்து ஒரு நல்ல பார்ட்டி வந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அந்த அக்ரிமென்ட் அதில் உட்கார்ந்திருந்தது. ரத்துப் பத்திரம் இல்லாமல் வாங்கமாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம், ஏனென்றால் அக்ரிமென்ட் வைத்திருப்பவர் கிரயம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. பழைய பார்ட்டி ரத்து செய்து கையெழுத்துப் போட, அட்வான்ஸுக்கு மேல் ஒரு தொகை கேட்டார். கொடுத்தேன். அந்தத் தொகையில் நான்கு வக்கீல்களுக்கு ஃபீஸ் கொடுத்திருக்கலாம்.

எனவே வில்லாபுரம் தம்பி, விற்கிறவருக்கு ஆபத்து கிரயப் பத்திரத்தில் இல்லை, அதற்கு முந்தைய அக்ரிமென்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமென்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவானால் வில்லங்கத்தில் ஏறும். ஏறினால் உங்கள் கையெழுத்து மட்டும் அதை இறக்காது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள், கிரயத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பதினொரு மாதம் அதிகம். லோன் போட்டு வாங்குகிறவருக்கே மூன்று மாதம் போதும்.

வில்லாபுரத்தான்:

வைகைக்கரை அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. நேற்று புரோக்கர் வேறு ஒன்று சொன்னார். அண்ணன் துபாயிலிருந்தும் அக்கா கோவையிலிருந்தும் வந்து அலைய வேண்டாம், எல்லோரும் சேர்ந்து பார்ட்டி சொல்லும் ஒருவருக்குப் பொதுப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் முழுப் பணத்தையும் ஒரே மாதத்தில் தந்துவிடுவார்கள், அப்புறம் கிரயத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டால் பவர் கொடுப்பதில் என்ன தப்பு?

வைகைக்கரை:

கொடுக்காதீர்கள். பவர் கொடுத்தாலும் வீடு உங்கள் பெயரில்தான் இருக்கும். பொதுப் பவர், அக்ரிமென்ட் இவற்றை வைத்துச் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அவர்கள் ஒரு வருடம் கழித்து 75 லட்சத்துக்கு வேறொருவருக்கு விற்றால், பத்திரத்தில் விற்றவர் என்று நிற்பது நீங்கள் நான்கு பேர். வரி நோட்டீஸும் உங்கள் பெயருக்கு வரும், வாங்கியவர் வழக்குப் போட்டாலும் உங்கள் மேல்தான். முழுப் பணம் தருகிறவர் முழுக் கிரயமாக எழுதி வாங்கட்டும். ஒன்பது சதவீதப் பதிவுச் செலவை (முத்திரைத்தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு) இடையில் தவிர்ப்பதற்குத்தான் பவர் கேட்கிறார்கள். அது அவர்கள் கணக்கு. அதற்கு உங்கள் அம்மாவின் கைரேகை எதற்கு?

ஷார்ஜா மதுரைக்காரன்:

அண்ணன் பவர் கொடுக்கட்டும், ஆனால் தம்பிக்குக் கொடுக்கட்டும். போன வருடம் எங்கள் ஊமச்சிகுளம் வீட்டுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

மதுரையில் எங்கள் வக்கீல் வாசகத்தை எழுதி மெயிலில் அனுப்பினார். இந்த ஒரு சொத்து, இந்த விலைக்குக் குறையாமல் கிரயம், என் பங்குப் பணம் என் வங்கிக் கணக்குக்கு மட்டும் என்று தெளிவாக இருந்தது. பொதுப் பவர் இல்லை, இந்த வேலைக்கு மட்டும். இங்கே இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பினேன். ஊரில் அது கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கிரயத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஆயுள் சான்றும் கேட்டார்கள். அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், முன்னாலேயே வாங்கி வைத்துப் பழசாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. அண்ணன் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குகிறவர் அவர் பங்குக்கு ஒரு சதவீத டிடிஎஸ் (விலையிலிருந்து முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்தால் போதாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் என்று பிடிப்பார்கள். குறைவாகப் பிடிக்க வேண்டுமானால் வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். இதைப் புரோக்கரும் சொல்லவில்லை, எழுத்தரும் சொல்லவில்லை. வக்கீல் ஆடிட்டரிடம் அனுப்பினார், அவர்தான் சொன்னார்.

அரசரடி அக்கா:

இங்கே இருக்கும் மூன்று பங்குக்கும் ஒரு சதவீத டிடிஎஸ் உண்டு. தலைக்கு 50 லட்சம் வரவில்லையே என்று விட முடியாது. 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால் போதும், எத்தனை பேர் விற்றாலும் பிடிக்க வேண்டும். அது வாங்குகிறவர் கட்டி உங்கள் பான் எண்ணில் வர வேண்டியது. வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநகர் தரகர்:

நான் புரோக்கர்தான். எங்களைப் பற்றி இவ்வளவு பேசுவதால் நானும் சொல்கிறேன்.

நல்ல புரோக்கர் வக்கீல் வேண்டாம் என்று சொல்லமாட்டார். பார்ட்டி பக்கம் ஒரு வக்கீல் எப்படியும் பார்ப்பார். லோன் போட்டால் வங்கியின் வக்கீல் ஒருவர் பார்ப்பார், அவர் வங்கிக்காகப் பார்ப்பவர், உங்களுக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. உங்கள் பக்கம் ஒருவர் முதலிலேயே பார்த்துவிட்டால் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். பாதியில் முறியும் வியாபாரங்கள் விலையில் முறிவதில்லை, காகிதத்தில்தான் முறிகின்றன. அது எனக்கும் நஷ்டம்.

கமிஷனை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றோ இரண்டோ என்பது பேச்சுவழக்கம், சட்டம் இல்லை. ஒரு சதவீதம் பேசிவிட்டுக் கடைசி நாள் பத்திர ஆபீஸ் வாசலில் இரண்டு கேட்டு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டு பேசிவிட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும் வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். கமிஷனைக் கிரயத்தன்று கொடுங்கள், அக்ரிமென்டன்று முழுதாகக் கொடுக்காதீர்கள். பார்ட்டியிடமும் அவர் தரகு வாங்குகிறாரா என்று நேராகக் கேளுங்கள். வாங்குவது வழக்கம்தான். தெரிந்திருப்பது நல்லது.

எங்களுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பதிவு பெற்ற புராஜெக்டுகளில் மனையோ பிளாட்டோ விற்றுத்தரும் ஏஜென்டுக்குத்தான் அது கட்டாயம். ஒருவருடைய பழைய வீட்டை விற்றுக்கொடுப்பதற்குக் கேட்பதில்லை. ஆக ஆளைப் பார்த்து, அவர் முடித்துக்கொடுத்த நாலு வீட்டில் விசாரித்துத்தான் நம்ப வேண்டும்.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். வீடு, நிலம் விற்பதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு. வங்கி வழியாக வரட்டும்.

வழக்கறிஞர் (மதுரை):

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். யாரும் கேட்காத ஒரு கேள்வி. உங்கள் அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறது?

வில்லாபுரத்தான்:

அம்மா, அண்ணன், அக்கா, நான், அப்பத்தா. ஐந்து பெயர். அப்பத்தா 2020-இல் தவறிவிட்டார். புரோக்கரிடம் காட்டினேன். "பாட்டி இறந்துவிட்டார் இல்லையா, இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்தால் போதும், மற்ற நான்கு பேர் கையெழுத்து" என்றார்.

வழக்கறிஞர் (மதுரை):

போதாது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பங்கு முறை வேறு. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பது போலவே தாய்க்கும் சமப்பங்கு உண்டு. 2017-இல் வீடு ஐந்து பங்கானது. அப்பத்தா இறந்ததால் அவர் பங்கு உங்கள் நால்வருக்கும் திரும்பி வராது. அது அப்பத்தாவின் சொத்து, அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவரும் உயில் எழுதவில்லை என்றால், தாத்தாவும் இல்லை என்றால், அப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் யார் என்று சொல்லுங்கள்.

வில்லாபுரத்தான்:

தாத்தா எப்போதோ போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. ஒரே அத்தை. மேலூர் பக்கம் இருக்கிறார். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

வழக்கறிஞர் (மதுரை):

அப்படியானால் அப்பத்தாவின் ஐந்தில் ஒரு பங்கில் பாதி அத்தைக்கு. மறுபாதி உங்கள் அப்பா வழியாக உங்கள் மூவருக்கு. அத்தைக்கு மொத்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு, 62 லட்சத்தில் 6,20,000 ரூபாய். கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராகச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அக்ரிமென்டிலும்தான்.

தெப்பக்குளம் 73:

இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. அத்தைக்கே தெரியாத பங்கு. கிளப்பாமல் விட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்?

வைகைக்கரை:

அண்ணே, வாங்குகிறவர் வக்கீல் கேட்பார். அவர் கேட்காமல் விட்டாலும், பத்து வருடம் கழித்து அத்தையின் பேரன் பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். அப்போது 62 லட்சம் கொடுத்துக் குடி வந்த குடும்பம் நோட்டீஸ் வாங்கும். "எங்களைத் தவிர வேறு பாத்தியஸ்தர் யாரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது தம்பியின் அம்மா. அந்த வயதில் அவர் கோர்ட் வாசலில் நிற்க வேண்டுமா? பங்கு சின்னதோ பெரியதோ, அது அத்தையுடையது. தெரியாமல் இருந்தது வேறு. இப்போது தெரிந்துவிட்டது.

தெப்பக்குளம் 73:

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் 2009 பத்திரத்தையும் எடுத்து ஒருமுறை படிக்கப்போகிறேன்.

வில்லாபுரத்தான் (பதினெட்டு நாள் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் போடவில்லை. புரோக்கர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வந்தார்.

தெரிந்தவர் மூலமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். 1986 பத்திரத்தை மேஜையில் விரித்து, டேபிள் லைட்டை இழுத்து வைத்து, நான்குமாலைச் சத்தமாகப் படித்தார். "வடக்கே இன்னார் வீட்டுக்கும் தெற்கு, கிழக்கே தெருவுக்கும் மேற்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வெள்ளைத்தாளில் பென்சிலால் ஒரு பெட்டி வரைந்தார். மேற்குப் பக்கம் வந்ததும் நின்றார். "மேல்புறச் சுவர் பொது" என்று ஒரு வரி. நாங்கள் அதை எங்கள் சுவர் என்றே நினைத்து வளர்ந்தோம், அதில் ஆணி அடித்துக் கொடி கட்டியிருக்கிறோம். அப்புறம் பட்டாவை எடுத்தார். பத்திரத்தில் மூன்று சென்ட், பட்டாவில் இரண்டே முக்கால். கால் சென்ட் என்றால் 109 சதுர அடி. பட்டாவைத் திருத்திக்கொண்டு விற்கலாம், அல்லது இருக்கும் அளவைச் சொல்லி விலை பேசலாம், மூன்று சென்ட் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றார். பார்ட்டியிடம் உள்ளதைச் சொன்னோம். அளந்து பார்த்தார்கள், ஒன்றரை லட்சம் குறைத்துக்கொண்டோம். 60,50,000-க்கு முடிந்தது.

அக்ரிமென்ட் நான்கு மாதம். "தாங்கள் சுட்டிக்காட்டும் நபர்" என்ற வரியை வக்கீல் அடித்துவிட்டார். கெடு தாண்டினால் ரத்துப் பத்திரத்துக்கு அவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகு அட்வான்ஸ் திரும்பும் என்றும் எழுதியிருக்கிறது. பவர் பேச்சை பார்ட்டியே விட்டுவிட்டார்கள். புரோக்கருக்கு ஒன்றரை சதவீதம், கிரயத்தன்று. எழுதி அவரிடம் ஒரு நகல் கொடுத்தோம்.

அத்தை வீட்டுக்கு அம்மாவே வருகிறேன் என்றார். ஒத்தக்கடை தாண்டும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை வாசலில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். அம்மா உட்காராமல், "உங்க அம்மா பங்குல உங்களுக்கு வரவேண்டியது இருக்கு மதினி, வக்கீல் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்" என்றார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். 6,05,000 ரூபாய், அவர் கணக்குக்கே நேராகப் போகும். ஆதார், பான் நகல் கொடுத்துவிட்டார். பதிவன்று அவரே மதுரைக்கு வருகிறார்.

அண்ணனின் பவர் நேற்றுத்தான் துபாயிலிருந்து கூரியரில் வந்தது. மூன்று மாதம் எந்த நாளிலிருந்து என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டும், கூரியர் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பத்திரக் கவருக்குள்ளேயே வைத்துவிட்டார். திங்கட்கிழமை மாவட்டப் பதிவாளர் ஆபீஸுக்குப் போகிறேன்.